அக்கா நிறுத்தச் சொன்ன மாத்திரை

நீலகிரி மலையில், குந்தாவில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். அவலாஞ்சி போகும் சாலைதான் எனக்கு மைதானம். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எங்கள் மாவட்டத்தில் என்னைத் தோற்கடிக்க ஒருத்தியால்தான் முடியும். கோயமுத்தூரிலிருந்து வந்து ஊட்டியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். வேறு துணை கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓடினோம். அதை நட்பு என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடுவோம்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்கு எங்களில் ஒருவருக்குத்தான் இடம் என்று ஆனது. எப்படியாவது போய்விட வேண்டும் என்று எனக்கு வெறி. மலையில் பயிற்சி எடுக்கக் கீழேயிருந்து வந்திருந்த ஓட்டக்காரர்கள், ஓடி முடித்ததும் வைட்டமின் சி, வைட்டமின் இ என்று கைநிறைய விழுங்குவதைப் பார்த்தேன். கடுமையாக ஓடினால் உடம்பில் ஏதோ கழிவு பெருகித் தசையை அரிக்குமாம், மாத்திரை அதைத் தடுக்குமாம். நானும் ஆரம்பித்துவிட்டேன். விடிகாலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், ஆரஞ்சு நிற மாத்திரையை அதில் கரைத்து, டீயைப் போல ஊதி ஊதிக் குடிப்பேன். மற்ற மாத்திரைகளும் அதோடு உள்ளே போகும்.

மாதங்கள் போயின. எவ்வளவு ஓடியும் என் நேரம் குறையவில்லை. அதற்கும் வைத்தியம் நானே கண்டுபிடித்தேன், மாத்திரையைக் கூட்டினேன்.

ஒரு ஞாயிறு, சாலையோரம் உட்கார்ந்து நான் கரைத்துக்கொண்டிருந்ததை அக்கா ஷூ நாடாவை அவிழ்த்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தினமுமா குடிக்கிறே?”

“ஆமாங்கக்கா.”

“விட்டுப்போடு கண்ணு. ஓடறப்ப உடம்பு படுற கஷ்டம் இருக்குதல்ல, அதைப் பாத்துத்தான் தசை தன்னையப் பலப்படுத்திக்குது. நீ மாத்திரையப் போட்டு அதைய அமுக்கீர்றே. அப்புறம் ஓடுனதுக்குப் பலன் எங்கிருந்து வரும்? கேரட்டு, கீரை, பழம்னு சாப்புடு, போதும்.”

“அப்ப கீழேருந்து வந்து ஓடறவங்கெல்லாம் எதுக்குங்க முழுங்கறாங்க?”

“எல்லாரும் இதைய ஒத்துக்கறதில்லை. நான் படிச்சதைச் சொல்றேன். இத்தனை வேண்டாம்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இருப்பது ஒரே இடம். அதற்குப் போட்டியிடுகிறவளே வந்து யோசனை சொன்னால் யார் நம்புவார்கள்? என் காலை வாரப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குமுறினேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஒரு மாசம் விட்டுத்தான் பாரேன். அவ சொன்னது பொய்யின்னா தெரிஞ்சுபோகுது. போட்டிக்கு இன்னும் நாளு கிடக்குதல்ல?”

அரை மனதோடு விட்டேன். முதல் வாரங்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அக்காவைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அப்புறம் மெல்ல மெல்ல, வழக்கமாக நாக்குத் தள்ளும் ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஏற முடிந்தது. நேரமும் குறையத் தொடங்கியது. மாத்திரையை விட்டதுதான் காரணமா, மழை ஓய்ந்து ஒழுங்காக ஓடக் கிடைத்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் மனம் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறது.

ஊட்டியில் நடந்த தேர்வு ஓட்டத்தில் கடைசிச் சுற்றுவரை அக்காதான் முன்னால். கடைசி வளைவில் அவளைத் தாண்டினேன். இடம் எனக்குக் கிடைத்தது.

புல்லில் விழுந்து கிடந்த என்னை அக்காதான் கை கொடுத்துத் தூக்கினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏனுங்கக்கா, எனக்கு எதுக்குங்க சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்களே.”

என் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

“பாத்துட்டுச் சும்மா இருக்க மனசு வரலை, சொல்லிப்போட்டேன். ஆனா உன்ற கொணத்துக்கு நீ எங்க கேக்கப்போறேன்னு தெகிரியமா இருந்தேன்.”

சிரிக்கத்தான் பார்த்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு நல்லது செய்தவர்கள் நிறையப் பேர், எல்லாரிடமும் நன்றி உண்டு. ஆனால் செய்துவிட்டு, அதற்காகவே என் முன்னால் நின்று அழுதவள் அவள் ஒருத்திதான். அன்று என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. மாநிலப் போட்டிக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நானும் அழுதேன்.