மனைவியின் எலும்பு மாத்திரை

கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கியபோது பீளமேட்டில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். இளம்பெண். எக்ஸ்ரேயைக் காட்டி, "ஈறு நோய் தாடை எலும்பைக் கரைச்சுட்டு வருதுங்க சார். பல்லைப் புடிச்சிருக்கிற எலும்பு பாதிதான் மிச்சம்" என்றார். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய நான்கு முறை வரச் சொன்னார். ஒரு முறை போனேன். வலித்தது. பட்டறை வேலையைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன்.

என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, எலும்பு தேயாமலிருக்க வாரம் ஒரு மாத்திரை; நான்கு வருடமாகச் சாப்பிடுகிறாள். இடுப்பெலும்பைக் காக்கிற மாத்திரை தாடையெலும்பைக் காக்காதா என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியாமல் புதன்கிழமைதோறும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவள் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள். நான் காப்பியோடு விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வேன். மூன்றாவது வாரம் நெஞ்செரிச்சலில் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, அட்டையில மாத்திரை கொறையுது. நீங்க எடுத்துப்போட்டீங்களா?" என்றாள். ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை, மறுநாளே பல் டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த மருந்தை ஈறு நோய்க்கும் கொடுத்துப் பார்த்திருக்காங்க சார். சுத்தம் பண்ணிட்டு ஈறுக்குள்ள ஜெல்லா வச்சும் பார்க்கறாங்க. ஆனா நீங்களா முழுங்கக் கூடாதுங்க. ரொம்ப நாள் சாப்பிடறவங்களுக்குப் பல் புடுங்கினா, சில பேருக்குப் புண்ணு ஆறாமத் தாடையெலும்பே வெளிய தெரியும்."

மனைவி மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை தாராபுரத்துல, தங்கச்சி ஊட்டுக்குப் பக்கத்துல, கடவாப்பல் புடுங்கறாங்க கண்ணு."

"இந்த மாத்திரையப் பத்தி அங்க சொன்னீங்களாம்மா?"

"பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சுச் சொல்லாம உட்டுட்டனுங்க."

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் தாராபுரம் போகவில்லை. எலும்பு டாக்டரிடம் கலந்து பேசி, பீளமேட்டிலேயே அவள் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்தார்கள். அவள் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்கள்.

நான் மிச்சமிருந்த மூன்று முறையும் போனேன். கரைந்த எலும்பு பெரிதாகத் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஒரு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. புண் இரண்டு வாரத்தில் ஆறியது. பக்கத்துப் பல் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. முறுக்கை உடைத்துக் கடைவாயில் போட்டுத்தான் மெல்லுகிறேன்.