கேட்காத பாவசங்கீர்த்தனம்

சாகக் கிடந்த ஒரு மனிதன் தன் பாவங்களைச் சொல்லும் கடைசிப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டதாகப் பொய் சொன்னேன். நான் ஒரு குரு. கேட்டபின் நீங்கள் எழுந்து போனாலும் குறையில்லை.

பெரிய கோயில்களின் பீடத்தில் என்னைக் கண்டிருக்க மாட்டீர்கள். மறைமாவட்டத்தைச் சேராமல் தனித்து நிற்கும் சின்னதொரு கத்தோலிக்க சபையில் குருப்பட்டம் பெற்றவன் நான். அங்கே சம்பளம் கிடையாது. ஆகவே கிழமை நாட்களில் நானாட்டான் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் காணிப் பிரிவின் எழுதுவினைஞன். ஞாயிறுகளில் தாழ்வுபாட்டில், ஒரு வீட்டின் முன்னறையில், பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பூசை வைப்பவன்.

கந்தோரில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்! பக்கத்து மேசை செபஸ்தியான் தன் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவன். என்னைப் போன்றவர்களைக் 'கள்ளச் சாமி' என்று சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்... ஆம், சிரித்திருக்கிறேன்.

அந்தோனிப்பிள்ளை அண்ணை எங்கள் பூசைக்கு வருகிறவர், கடற்றொழில் செய்தவர். முதல் மனைவியைப் பிரிந்து, இருபது வருடமாக ஜெசிந்தா அக்காவோடு வாழ்ந்தார். அப்படி வாழ்கிறவர்களுக்குப் பெரிய கோயில்களில் நற்கருணை அப்பம் கொடுப்பதில்லை; அந்த இருவரும் என் கையால் வாங்கினார்கள். நோய் முற்றிப் படுத்தபோது, "சாகமுன்னம் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும் பாதர்" என்றார். "கூப்பிடுங்கோ, உடன வாறன்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

கூப்பிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றரைக்கு.

"பாதர், அவருக்கு மூச்சு இழுக்குது. கெதியா வாங்கோ" என்று தொலைபேசியில் அக்கா அழுதார். செபஸ்தியான் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமாயிருந்தது எனக்கு! "ஓம் ஓம், உங்கட விண்ணப்பம் கிடைச்சது. நாலு மணிக்குப் பிறகு பாப்பம்" என்றேன், காணி கேட்டு வருகிறவர்களோடு பேசும் அதே குரலில். அக்காவின் அழுகை நின்றது. பிறகு "சரி பாதர்" என்று வைத்துவிட்டார்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கலாம். காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம். நானோ இரண்டரை மணி நேரம் கடிதங்களுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தேன்... ஏன் எழும்பவில்லை? காரணம் கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. "உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறார்" என்றார் அக்கா. பாவசங்கீர்த்தனம் என்றால் வீட்டார் வெளியே போய்விடுவது வழக்கம். எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். கதவைச் சாத்தி, கதிரையை அருகே இழுத்து, "அண்ணை" என்றேன். கையைத் தொட்டேன். கண்கள் திறந்தபடி இருந்தன. உயிர் போயிருந்தது.

அப்போதே கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை. சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைக் குளிர்ந்த நெற்றியில் பூசினேன். பாவசங்கீர்த்தனத்துக்கு எவ்வளவு நேரம் செல்லுமோ அவ்வளவு நேரமும் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். பிறகு வெளியே வந்து, "எல்லாம் சொன்னவர் அக்கா. சொல்லிப்போட்டு நிம்மதியாப் போயிட்டார்" என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் சொல்லக்கூடாது. ஆகவே ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்தப் புனிதமான மௌனத்துக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன்! அண்ணை எதைச் சொல்லக் காத்திருந்தார்? முதல் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவா? கடலில் நடந்த ஏதாவதா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார். "அவற்ற மனப்பாரத்தை இறக்கி வைச்சவர் இவர்தான்" என்று அயலாருக்கு என்னைக் காட்டுகிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதைத் தாழ்மை என்று எண்ணுகிறார்கள்.

இதை யாரிடம் சொல்வேன்? என் ஆயர் கடல்கடந்த நாட்டில் இருக்கிறார். இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் உங்களிடம்...

இப்போது அக்காவும் படுக்கையில். நேற்று நற்கருணை கொண்டுபோனபோது, "அவருக்கு வந்த மாதிரி எனக்கும் வருவீங்கள்தானே பாதர்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, வாறன்" என்றேன்.

இன்று திங்கள். தொலைபேசி மேசையில் கிடக்கிறது. செபஸ்தியான் பக்கத்தில் இருக்கிறான். மணியடித்தால் எழும்புவேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.