மிளகாய் மில்லும் என் காதும்

மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் வருகிற எவரும் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்கள். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் நான் நடத்துகிற மில்லிலும் அதுதான் வழக்கம். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வறுத்த செத்தல் மிளகாயைத் தருவார்கள். நான் லேஞ்சியை மடித்து முகத்தில் கட்டியிருப்பேன். கண் எரிந்தால் கழுவ வாசலில் ஒரு வாளி தண்ணீர். காதுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. காது தும்முவதுமில்லை, எரிவதுமில்லை, ஆகவே அதற்கு ஒன்றும் ஆகாது என்று இத்தனை வருடமும் இருந்துவிட்டேன். என்னைப் போல மடையன் தென்மராட்சியில் இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த மில்காரர் எல்லோரும் மூக்கைக் கட்டிய மடையர்கள்தான்.

பின்னேரம் மோட்டரை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு கூவல் தொடங்கும். மனைவி இருந்த காலத்தில், சனி முழுக்குக்கு முதல் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடுவாள். அவள் போன பிறகு நானே விட்டுக்கொண்டேன். காது அடைத்திருக்கிறது, எண்ணெய் பட்டால் திறந்துவிடும் என்று நம்பினேன். தலையணை நனைந்ததுதான் மிச்சம்.

மகள் கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வீடியோக் கோல் எடுப்பாள். என் வீட்டுக்குள் வருகிற மனிதக் குரல் அது ஒன்றுதான். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அது தவழ்ந்ததையும் நடந்ததையும் அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன். பிறகு அது கதைக்கத் தொடங்கியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மகள் சொல்வது ஓரளவு கேட்டது, பிள்ளையின் குரல் மட்டும் இல்லை.

"அப்பா, அவள் ஏதோ கேக்கிறாள். பதில் சொல்லுங்கோவன்."

"உங்கை நெற்வேர்க் சரியில்லைப் பிள்ளை" என்பேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். புதுப் போன் வாங்கினேன். அதிலும் வாய்தான் அசைந்தது. நான் பதிலுக்குக் கையை ஆட்டிக் காட்டுவேன், குழந்தையும் ஆட்டும்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு மனிசி வேலிக் கடப்பால் ஓடி வந்தாள்.

"அண்ணை, குக்கர் கத்திக் கத்திக் கரியுது. உள்ளுக்கை இருந்து என்ன செய்யிறியள்?"

நான் குக்கருக்குப் பக்கத்தில் இருந்துதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பழுது போனில் இல்லை என்று அன்றைக்கு விளங்கியது. பயந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த டாக்டர்ப் பெண்ணுக்கு என்னுடைய மகளின் வயதுதான் இருக்கும். மில் என்றதும் தலையை ஆட்டினாள்.

"கிட்ட நிக்கிற ஆளோடையே கத்திக் கதைக்க வேண்டி வந்தால், அந்தச் சத்தம் காதைத் தின்னுது எண்டு அர்த்தம், ஐயா. கீச்சுச் சத்தங்கள்தான் முதல் போகும். விசில், குருவி, குழந்தைப் பிள்ளையளின்ரை குரல்."

"மருந்து இருக்கோ?"

"போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்துங்கோ. பஞ்சு காணாது, காதை முழுக்க மூடுற மூடி போடுங்கோ. மோட்டர் ஓடேக்கை பக்கத்திலை நில்லாதேங்கோ. எண்ணெய் விடவே வேண்டாம். காதுக்கு மெஷின் வைச்சால் கொஞ்சம் கேக்கும்."

மில் தொடங்கிய நாளிலிருந்து அங்கே எல்லோரும் கத்தித்தான் கதைத்தோம். மில் என்றால் அப்படித்தான் என்றிருந்தோம்.

காது மூடி வாங்கிப் போட்டேன். சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதுவரை எனக்கு ஊர்ப் புதினம் எல்லாம் அந்த இரைச்சலுக்குள்தான் வந்துகொண்டிருந்தது. யாருக்குக் கலியாணம், யாருக்கு விசா, எந்தக் கோயிலில் சண்டை என்று என் காதுக்குள் கத்திவிட்டுத்தான் தூளைக் கொண்டுபோவார்கள். மூடி போட்ட பிறகு, அண்ணைக்குக் கேளாது என்று விட்டுவிட்டார்கள். பையை வைப்பார்கள், தங்களுக்குள் சிரிப்பார்கள், போவார்கள். நிறைய ஆட்களுக்கு நடுவில் நான் தனியே நின்றேன். பல நாள் அதைக் கழற்றி எறிய மனம் வந்தது. பேத்தியின் குரலுக்காக மிச்சம் இருக்கிற காதையும் மிளகாய்க்குக் கொடுக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தேன்.

காது மெஷின் கிடைத்த அன்று என் செருப்புச் சத்தமே எனக்கு எரிச்சல் மூட்டியது. காகங்கள் இவ்வளவு கத்துமென்பதை மறந்தே போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு இருந்தேன். மகள் "அப்பா" என்றாள். அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பல காலம். கண் கலங்கிவிட்டது.

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"பிள்ளை, அம்மப்பாவுக்கு இப்ப நல்லாக் கேக்குது. கதையுங்கோ" என்றேன்.

அது என்னைப் பார்த்துச் சிரித்தது. வாயைத் திறக்காமல் கையை ஆட்டியது.

"கதையம்மா. என்னெண்டாலும் சொல்லு."

திரும்பவும் கையை ஆட்டியது. போதாதோ என்று நினைத்து மற்றக் கையையும் ஆட்டியது.

மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவளுக்கு அம்மப்பா எண்டால் கை காட்டுற ஆள், அப்பா. உங்களோடை கதைக்கலாம் எண்டு அவளுக்குத் தெரியாது."

நான் மெஷினின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். குழந்தை மூச்சு விடுவது கேட்டது.