பேப்பருக்குக் கொடுத்த படம்

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த விசைத்தறிக் கூடத்தில் மாமா தறி ஓட்டினார். அம்மாவின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். பி.காம் முடித்து, அரசு வேலைக்குத் தேர்வும் எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று தறிக்குப் போனவர். நல்ல கறுப்பு. அம்மா வழியில் நாங்கள் எல்லாருமே கறுப்புதான், ஆனால் மாமா அளவுக்கு யாரும் இல்லை. அந்தக் கறுப்புக்கு அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மரியாதை கிடைத்தது. அது சினிமாக்காரர்கள் வந்தபோது.

மதுரையில் படமெடுக்க வருகிறவர்களுக்கு, மதுரையில் என்ன இருக்கிறது என்பது வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். அரிவாளோடு ஓட இருபது பேர் வேண்டும் என்று தறிக்காரத் தெருக்களில் ஆள் எடுத்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, கொஞ்சம் வெளுப்பாக இருந்தவர்களை அனுப்பிவிட்டார்கள். மாமாவை மட்டும் முன்வரிசைக்கு வரச் சொன்னார்களாம். அதுவும் போதாதென்று எண்ணெயில் கரியைக் குழைத்து அவர் முகத்தில் பூசினார்கள். ஊருக்கு வெளியே ஒரு சோளக்காட்டில் நடந்த படப்பிடிப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். அந்த அரிவாளை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். மரத்தில் செய்து வெள்ளிப் பெயிண்ட் அடித்தது, கனமே இல்லை.

படம் வந்ததும் குடும்பத்தோடு போனோம். கதாநாயகன் உதைத்ததும் பறந்துபோய் விழுகிற கூட்டத்தில் மாமாவும் விழுந்தார். தியேட்டரே கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.

அடுத்த வருடம், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஊருக்குள் ஒரு கொலை நடந்தது. கொன்றவர்கள் யாரென்று தெரியாததால் போலீஸ் கண்ணில் பட்ட இளவட்டங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. மாமா சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். நின்ற ஆறு பேரில் அவரை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், வலது கையில் மாவுக்கட்டோடு கிடந்தார். ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போலீஸ்காரர்கள் சொன்னார்கள்.

“பேப்பர்காரங்க யாராச்சும் வந்தா நடந்ததைச் சொல்லிறணும். ஊருக்குத் தெரியட்டும்” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் பேப்பர்காரர் ஒருவர் வந்தே விட்டார். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் மட்டும் வீட்டில். தன்மையான மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன படிக்கிறேன் என்று கேட்டார். பிறகு, மாமாவைப் பற்றிப் பேப்பரில் போடப்போகிறோம், போட்டோ ஏதும் இருக்கிறதா என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, பட்டம் வாங்கியபோது கறுப்பு அங்கி போட்டு எடுத்தது. ஸ்டுடியோக்காரர் மாமாவின் முகத்தை எலுமிச்சம்பழ நிறத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார். இன்னொன்று, அரிவாளோடு படப்பிடிப்பில் எடுத்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, யோசிக்காமல் இரண்டாவதைக் கழற்றினேன். முதல் படத்தில் இருந்தவர் யாரோ போல இருந்தார். இதில் இருந்ததுதான் என் மாமா.

பேப்பர்காரர் சுவரில் மிச்சமிருந்த, பட்டம் வாங்கிய படத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “இது போதும் பாப்பா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காலையில் பேப்பரில் மாமா இருந்தார். பயங்கர ஆயுதத்துடன் வலம்வந்த ரவுடி, தப்பியோடும்போது கை முறிந்தது என்று கீழே போட்டிருந்தது. சாயங்காலம் டிவியிலும் காட்டினார்கள். அரிவாளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பின்னால் சினிமாவில் வருவது போலவே மேளச் சத்தம். படத்தை யார் கொடுத்தது என்று அம்மா கேட்டாள். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அடித்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொலை செய்தவர்கள் பிறகு பிடிபட்டார்கள். அந்தச் செய்தியும் அதே பேப்பரில் வந்தது. மாமாவுக்கு அந்தக் கொலையில் சம்பந்தமில்லை என்ற செய்தி மட்டும் வரவில்லை. தறிக்கூடத்து முதலாளி, “கொஞ்ச நாள் போகட்டும் மாப்ள” என்றார். தேர்வில் மாமா தேறியிருந்தார். நன்னடத்தை விசாரணைக்கு வந்தவர்கள் தெருவில் நாலு வீட்டில் கேட்டுவிட்டுப் போனார்கள், அதோடு அந்த அரசு வேலை நின்றுபோனது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை கோணலாகக் கூடியிருந்தது. தன் முகம் தெரியாத ஊராகப் பார்த்து, திருப்பூருக்குக் கிளம்பினார்.

புறப்படுகிற அன்று, இடது கையில் பையோடு வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலத்தா. பெரியவளானாலும் அத நெனப்புல வச்சுக்க” என்றார்.

சரி மாமா என்று தலையாட்டினேன். நான் தப்பு செய்ததாக அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. எதற்காக இதைப் போய் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.