ராஜா வீட்டு வறுவல்

கண்ணாடிக் கடையில் அவளை எல்லாரும் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மீன் தொட்டிக்கு என்று யார் அளவு கொண்டுவந்தாலும் வெட்டுவது அவள்தான். வெட்டுமுனையை ஓட்டும்போது சத்தம் ஒரே சீராக வரவேண்டும். நடுவில் விட்டுப்போனால் கண்ணாடி நம் பேச்சைக் கேட்காது, தன் இஷ்டத்துக்கு உடையும். அப்படி உடைந்தவை அவள் விரல்களில் எழுதி வைத்துவிட்டுப் போன கீறல்கள் நிறைய.

அந்த வாரம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று யாரையும் விடவில்லை. "வெள்ளிக்கிழமை தம்பியோட ரெஸ்டாரண்டுக்குச் சாப்பிடப் போறோம்."

எந்த ரெஸ்டாரண்ட் என்று கேட்டவர்கள், பெயரைக் கேட்டதும் வாயைப் பிளந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் அங்கே மேஜை கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் விமானம் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம்.

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்வாங்க. நீ எனக்கே அஞ்ச மாட்டேங்கிறியே" என்றார் முதலாளி. அன்றைக்கு மட்டும் அவள் இரண்டு பேரின் அளவை மாற்றி வெட்டியிருந்தாள்.

அஞ்சாமல் இருக்க அவளுக்கு உரிமை இருந்தது. அந்தத் தம்பியை வளர்த்தவள் அவள்தான். அப்பா போய்ச் சேர்ந்த மறு வருஷம், அம்மா ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். மழைகூட இல்லை. வேறு ஊரில் வேறு குடும்பமாக நன்றாக இருக்கிறாள் என்ற சேதிதான் பிறகு வந்தது. இவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தம்பி விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தெருக்கோடி ஓட்டலின் பின்வாசலில் சாயங்காலம் பையோடு போய் நிற்பாள். உருளைக்கிழங்குத் தோலைக் கூடையில் கொட்டுவார்கள். "எங்க வீட்டு ஆட்டுக்கு" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். வீட்டில் ஆடு ஏது? கழுவி, உப்புப் போட்டு, ஒரு காது உடைந்து கம்பி கட்டிய வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, "இது ராஜா வீட்டு வறுவல்டா குட்டி, வேற யாருக்கும் கிடைக்காது" என்று தம்பி முன்னால் வைப்பாள். அவன் நிஜமாகவே ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவான். அந்த ஓட்டல் சமையல்காரர் தினமும் விசாரிப்பார். "ஆடு எப்படி இருக்கு? நல்லாத் தின்னுதா? பார்த்துக்கோ, வளர்த்த கடா மார்ல பாயும்." அவள் சிரித்துவிட்டு வருவாள். பொய் சொல்கிறோமே என்று வழியெல்லாம் உறுத்தும்.

இதைத் தம்பியிடம் ஒரே ஒரு முறை, அவன் சமையல் படிக்கப் போன அன்று சொன்னாள். இருவரும் சிரித்துச் சிரித்து அழுதார்கள். கட்டிய கணவரிடம்கூட ஆட்டுக் கதையை அவள் சொன்னதில்லை. பிச்சைக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆடுதானே இருந்தது!

தம்பி ரெஸ்டாரண்ட் திறந்தபோதே அழைப்பான் என்று எதிர்பார்த்தாள். "திறப்பு விழாவுக்கு வர்றதெல்லாம் பெரிய மனுஷங்கக்கா. அந்தக் கூட்டத்துல நீயும் மாமாவும் நசுங்கக் கூடாது. உங்களைத் தனியா உக்கார வெச்சு, நானே சாப்பாடு போடணும்" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனியாக என்றது இந்த மாதம், அடுத்த மாதம் என்று நழுவி இரண்டு வருஷம் ஓடியது. நடுவில் ஒருநாள் வந்து, "அந்தப் பழைய வாணலியைக் குடுக்கா, ஓட்டல்ல வைக்கணும்" என்று வாங்கிப்போனான். இன்னொரு நாள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு ஆளனுப்பினான். தூசி துடைக்க வசதியாக மூடியை மட்டும் ஒட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தான். கேக் வைக்கவோ பூ வைக்கவோ கேட்கிறான் என்று நினைத்து, விளிம்பெல்லாம் கை வலிக்கத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "உன் தம்பி கூப்பிடறதுக்குள்ள என் பல்லெல்லாம் போயிடும்" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவர், வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பட்டினி கிடந்தார். அங்கே போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்ற எண்ணம். 

ரெஸ்டாரண்டில் தரை அவ்வளவு வழுக்கல். புதுச் செருப்போடு அவள் தரையைப் பார்த்தே நடந்ததில் வாசல் பக்கம் இருந்தது எதுவும் கண்ணில் படவில்லை. மேஜைக்கு அழைத்துப்போன பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். "நீங்க செஃப்புக்கு ரொம்ப வேண்டியவங்கன்னு சொல்லியிருக்கார். நல்லா கவனிச்சுக்கணும்னு உத்தரவு" என்றாள். வேண்டியவங்க என்ற சொல் கண்ணாடி அக்காவுக்கு லேசாக நெருடியது. வேலை மும்முரத்தில் அக்கா என்று சொல்ல மறந்திருப்பான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பெரிய பெரிய தட்டுகள் வந்தன. நடுவில் மூக்குப்பொடி அளவுக்கு ஏதோ இருக்கும். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அந்தப் பெண் அதன் கதையைச் சொல்லிவிட்டுப் போவாள். அங்கே அதுதான் வழக்கம்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரின்னு சொல்வாங்க. இங்க பொரிக்கே கதை சொல்றாங்க" என்று டிரைவர் காதோடு முணுமுணுத்தார். "சும்மா இருங்க" என்று அதட்டினாளே தவிர, அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரம் வரைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அப்புறம் ஒரு கறுப்புத் தட்டு வந்தது. அதன்மேல் பொன்னிறத்தில் சுருள் சுருளாக உருளைக்கிழங்குத் தோல்.

"இது எங்க செஃப்போட பேர் பெற்ற ஐட்டம். பேரு, அம்மாவின் மழைநாள்" என்று அந்தப் பெண் தொடங்கினாள். "செஃப் சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவர். வீட்ல ஒண்ணும் இருக்காது. அவங்க அம்மா பக்கத்து ஓட்டலுக்குப் போய், எங்க ஆட்டுக்குன்னு பொய் சொல்லி உருளைக்கிழங்குத் தோலை வாங்கிட்டு வருவாங்க. அதை வறுத்து, ராஜா வீட்டு வறுவல்னு சொல்லி ஊட்டுவாங்க."

பக்கத்து மேஜையில் ஓர் அம்மாள் "ஆட்டுக்கா!" என்று ரசித்துச் சிரித்தாள்.

கண்ணாடி அக்கா கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். தன்னை அந்தப் பின்வாசலில் பையோடு நிற்கவைத்து, ஊரே கூடி வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. அதிலும் அவள் முகம் இல்லை. வேறொருத்தி முகம். டிரைவருக்கு எதுவும் புரியவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் தம்பியே வெள்ளைக் கோட்டோடு வந்து அவள் பக்கத்தில் குனிந்தான். "எப்படிக்கா இருக்கு?"

"குட்டி, அந்தக் கதையில வர்ற அம்மா யாரு?"

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீதான்கா. எனக்கு வேற யாரு அம்மா? அக்கான்னு சொன்னா, அம்மா எங்கேன்னு அடுத்த கேள்வி வரும். சாப்பிட வர்றவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? உன்னைத்தான் அம்மான்னு சொல்லியிருக்கேன்."

சின்ன வயதில் ஒருமுறை அவன் தூக்கத்தில் அவளை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். எழுந்ததும் அக்காதான் என்று திருத்தினாள். திருத்தியிருக்க வேண்டாம் என்று பிறகு பல நாள் நினைத்ததுண்டு. இப்போது அவன் வாயாலேயே கேட்டதும் அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவன் உள்ளே போனதும் ஒரு தோலைக்கூட விடாமல் சாப்பிட்டாள். உப்புக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அன்றைக்கு உலகத்தில் அவளைவிடச் சந்தோஷமானவள் யாரும் இல்லை.

தட்டை எடுக்க வந்த பெண் அந்தக் கண்களைப் பார்த்து உருகிப்போனாள். "செஃப்போட அம்மாவும் இதே மாதிரிதான் அழுதாங்க."

"எந்த அம்மா?"

"அவரைப் பெத்த அம்மாதான். திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினதே அவங்கதானே! இதே மேஜையிலதான் உக்காந்தாங்க. இப்பவும் அடிக்கடி வருவாங்க. போகும்போது மறக்காம அவங்க வாணலியைப் பாருங்க, வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம்."

கண்ணாடி அக்கா நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே எரிந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லி வைத்தார்களே, வளர்த்த மனம் என்ன ஆகும் என்று எவனாவது சொல்லி வைத்தானா? குடையோடு போனவள் திரும்பி வந்து, இவள் பட்ட பசியைத் தன் பசி என்று ஒப்புக்கொண்டு, இவள் வறுத்ததைத் தின்று, இவள் அழவேண்டிய அழுகையையும் தானே அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குக் குட்டியே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறான்.

வாசலில் அவள் செய்த பெட்டி இருந்தது. உள்ளே ஒரு காது உடைந்து கம்பி கட்டிய வாணலி. அந்தக் கம்பியைக் கட்டியதும் அவள்தான். பெட்டிமேல் ஒட்டிய பட்டையில் ‘அம்மாவின் வாணலி’ என்று பொன்னெழுத்து.

அவள் மூடியைத் தூக்கித் தரையில் பதமாகச் சாய்த்து வைத்தாள். வாணலியை எடுத்துக்கொண்டாள். தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, என்ன பண்ற? நாலு பேர் பார்க்கறாங்க. சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. வயசான காலத்துல வந்து நிக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"வந்தா சோறு போடு. வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என் பசியை எடுத்து அவங்களுக்குக் குடுத்தே பாரு, அதுதான்டா. சரி, பெட்டி காலியா இருக்க வேண்டாம். உங்கம்மா வெச்சிருந்த குடை இருக்கான்னு கேளு. இருந்தா வாங்கி வை."

மூடியைத் திரும்ப எடுத்து, விளிம்பு இடிக்காமல் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் வாணலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓட்டல் பின்வாசலில் தொடங்கி எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். டிரைவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வளர்த்த கடா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, பரவாயில்ல" என்றாள். "ஆட்டுக்குன்னு பொய் சொல்லி வாங்கினோமேன்னு இத்தனை வருஷமா எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. நான் பொய் சொல்லல போல."