பந்து பார்க்கப் போகிறவள்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வரமாட்டேன், அதற்குப் பதிலாகத் திங்கள் நிற்கிறேன் என்று நான் சொன்னபோது முதலாளி கத்தரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாரிசின் லா ஷாப்பலில் மரக்கறிக் கடை வைத்திருப்பவருக்கு ஞாயிறு எப்படிப்பட்ட நாள் என்று எனக்கும் தெரியும். எபினே, ஆர்ஜொந்தெய் போன்ற புறநகர்களிலிருந்து சனம் குடும்பமாக வந்து இறங்குகிற நாள் அது.

"ஞாயிறு நீங்கள் வராட்டி நான் என்னெண்டு சமாளிக்கிறது? அப்பிடி என்ன அலுவல்?"

"பேஸ்போல் பாக்கப் போகவேணும் அண்ணை."

"என்ன பாக்க?"

"பேஸ்போல். மட்டையாலை அடிச்சுப்போட்டு சுத்தி ஓடுறது."

"பிள்ளை விளையாடுதோ?"

"இல்லை. சும்மா பாக்கத்தான்."

அவர் நம்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஒத்துக்கொண்டார். இரண்டு கிழமை போகவில்லை, வல்லாரை வாங்க வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "எந்த ஜெபச் சபைக்குப் போறீர்?" என்று இரகசியமாகக் கேட்டார். அன்றைக்கு மாலை கணவரும் அதையே கொண்டுவந்தார். அவர் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். அங்கே பேசிக்கொண்டார்களாம்.

"நீ வேதத்துக்கு மாறீட்டியாம். எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை எண்டு எல்லாரும் சிரிக்கிறாங்கள்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தோள்பையும் தண்ணீர்ப் போத்தலுமாக மெத்ரோ ஏறிப்போய், பின்நேரம் வெயிலில் முகம் கறுத்து, ஆனால் சந்தோசமாகத் திரும்பிவருகிற ஐம்பது வயதுப் பெண்ணைப் பற்றி வேறென்ன நினைப்பார்கள்? ஜெபம் என்பது அவர்களுக்கு விளங்கக்கூடிய காரணம். பந்து பார்ப்பது விளங்காத காரணம்.

எனக்கு விளையாட்டுப் பார்க்கிற பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் எல்லே விளையாடுவார்கள். நீளத் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடும்போது பந்தால் எறிந்து மேலில் பட்டால் ஆட்டமிழப்பு. நான் மெதுவாகத்தான் ஓடுவேன். ஒரு வருடமும் என்னை அணியில் எடுக்கவில்லை. முதல் வருடம் அழுதேன். இரண்டாம் வருடம், வெளியே நின்று பார்ப்பது எனக்கு விளையாடுவதைவிடப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. தோற்றவள் சமாளிக்கிறாள் என்று நினைப்பார்கள்.

பாரிசுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை துப்புரவு வேலை. ஞாயிறு காலைகளில் வன்சென் காட்டுக்குள் இருக்கும் விளையாட்டு மைதானங்களின் உடைமாற்றும் அறைகளைக் கழுவ அனுப்புவார்கள். ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. மட்டையின் நடுவில் பந்து சரியாகப் படுகிற சத்தம். அதைக் கேட்டு எத்தனையோ வருடம். துடைப்பத்தைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். நாலு மூலையில் நாலு தட்டுகள். சுற்றி ஓடி, தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். இது என்ன விளையாட்டு என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தேன். அந்த வேலை போய், வேறு வேலைகள் வந்து போய், மகள் பிறந்து வளர்ந்து, கடைசியில் மரக்கறிக் கடைக்கு வந்து சேர்ந்த பிறகும், லீவு கிடைத்த ஞாயிறுகளில் அந்த மைதானத்துக்குப் போவதை விடவில்லை. இடையில் சில வருடங்கள் மாதம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காலங்களில் எனக்கு ஏதோ ஒரு குறை இருந்தது. அதற்கு நான் வேறு காரணங்களைத் தேடினேன். உண்மைக் காரணம் விளங்கின பிறகுதான் முதலாளியிடம் ஞாயிறைக் கேட்டேன்.

அந்த மைதானத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பார்க்கிறவர்கள் இருக்க மூன்று படி மரவாங்கு. நல்ல நாளில் முப்பது பேர் வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் விளையாடுகிறவர்களின் காதலிகள், தாய் தகப்பன்மார். இந்த நாட்டில் பேஸ்போலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதனாலேயே அங்கே நான் ஒரு வித்தியாசமான ஆளாகத் தெரியவில்லை. எல்லாருமே கொஞ்சம் வித்தியாசமானவர்கள்தான்.

தொலைக்காட்சியில் பார்த்தால் கமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தில் இருந்தால் பந்து இல்லாத இடத்தையும் பார்க்கலாம். எறிவதற்கு முதல் எறிகிறவர் தோளைக் குலுக்குவார். தூரத்தில் நிற்பவர் இரண்டடி இடப்பக்கம் நகர்வார், ஏன் நகர்ந்தார் என்று பத்து நிமிடம் கழித்து விளங்கும். நேரக்கணக்குக் கிடையாது. கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை முடியாது. கிழமை முழுக்க மணிக்கூட்டைப் பார்த்தே வேலை செய்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

வாங்கின் முதல் படியில் எப்போதும் ஒரு ஜப்பான்காரப் பெண் இருப்பார். என் வயதுதான். அவருடைய மகன் அந்த மைதானத்துக் கழகத்தில், எங்கள் அணியில், இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் நிற்பவன். இருபத்திரண்டு வயது இருக்கும். பந்து அதிகமாக வருகிற இடம் அது. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. ஆரம்பத்தில் தலையாட்டினோம். பிறகு பக்கத்தில் இருந்தோம். அவர் ஒரு கொப்பியில் ஆட்டம் முழுவதையும் குறிகளாக எழுதிவைப்பார். எனக்கும் சொல்லித்தந்தார். ஒரு கோடைகாலம் முடிவதற்குள் நானும் மகளின் பழைய பள்ளிக் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அதனால்தான், அணிக்கு அதிகாரபூர்வமாக ஆட்டக் குறிப்பு எழுதிக்கொடுத்த பெண் தெற்கே குடிபெயர்ந்தபோது, கழகத் தலைவர் என்னிடம் வந்து கேட்டார். ஜப்பான்காரியிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். அவருடைய மகன் விளையாடுகிறான், உங்களுக்கு யாரும் இல்லை, அதுதான் நல்லது என்றார். எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு தகுதியாகிப் போனது அதுதான் முதல் தடவை. வலைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசையும் கதிரையும் தந்தார்கள்.

எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அடித்த பந்து பிடிபடாமல் போய், அடித்தவர் முதலாம் மூலையைச் சேர்ந்துவிட்டால், அது நல்ல அடியா, பிடிக்க வேண்டியவர் விட்ட பிழையா என்று முடிவுசெய்ய வேண்டும். நடுவர் அதைச் சொல்ல மாட்டார். எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். பிழை என்றால் பிடிக்காதவரின் பெயருக்கு நேரே குறி விழும்.

முதல் இரண்டு மாதம் சுகமாகப் போனது. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் பக்கம் எறிந்தவன் ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்கிறவன். அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு அவனுடைய கை வேறு மாதிரி இருந்தது. ஆறு சுற்று முடிந்தும் எதிரணியில் ஒருவர்கூட ஒரு நல்ல அடி அடிக்கவில்லை. ஒன்பது சுற்றும் அப்படியே போனால், எறிகிறவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளக்கூடிய விசயம் அது. அந்த மைதானத்தில் நான் அதுவரை கண்டதில்லை. அவனுடைய ஆட்களே அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசினால் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆட்டக்காரரின் வாங்கில் ஒரு கரையில் அவன் தனியாக இருந்தான். மற்றவர்கள் மறுகரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஏழாவது சுற்றில் ஒரு பந்து தரையோடு வேகமாக வந்தது. என் ஜப்பான் சிநேகிதியின் மகனுக்கு நேராக. அவன் குனிந்தான். பந்து கையுறைக்குக் கீழால் போய்விட்டது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிழை என்று எழுதினால் எறிந்தவனின் சாதனை நிலைக்கும், ஆனால் குறி சிநேகிதியின் மகன் பெயரில் விழும். அடி என்று எழுதினால் அவன் தப்பிவிடுவான், சாதனை அங்கேயே முடிந்துவிடும். எனக்குப் பின்னால் முதல் படியில் அவனுடைய தாய் இருந்தார். கொப்பியின் தாளைப் புரட்டுகிற சத்தம்கூட வரவில்லை.

பந்து கடைசி நேரத்தில் எகிறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடி என்று எழுதி, கையைத் தூக்கிக் காட்டினேன்.

எறிந்தவன் தொப்பியைக் கழற்றி ஒருமுறை நெற்றியைத் துடைத்தான். அவ்வளவுதான். இனிப் பேசலாம் என்று மற்றவர்கள் வந்து அவன் முதுகில் தட்டினார்கள். மிச்சச் சுற்றுகளிலும் அவன் ஒருவரையும் அடிக்க விடவில்லை. ஆட்டம் முடிந்ததும், ஒன்றே ஒன்றால் தவறிப்போனது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். நான் மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்தினேன்.

அப்போது சிநேகிதியின் மகன் வந்தான். முழங்கால் முழுக்கச் செம்மண்.

"மதாம், ஏழாவது சுற்றில் அந்தப் பந்துக்கு என்ன எழுதினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"அடி என்று."

"அது அடி இல்லை. நான் பிடித்திருக்க வேண்டியது."

"பந்து எகிறியது."

"எகிறவில்லை. யாருக்கு எறிவது என்று பார்க்க நான் முந்திக் கண்ணை எடுத்துவிட்டேன்."

நான் அவனுடைய தாயைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. "மாற்றுங்கள்," என்றார். "தயவுசெய்து."

தாளில் கையெழுத்து வைத்து அனுப்பும்வரை மாற்றலாம். அழிறப்பரால் அழித்து, பிழைக்கு உரிய குறியையும் அவன் நிற்கும் இடத்துக்கு உரிய ஆறாம் எண்ணையும் எழுதினேன். எழுதி முடித்ததும் அவன் ஓடிப்போனான், ஆட்டத்தில் ஓடியதைவிட வேகமாக. போய் எறிந்தவனிடம் சொன்னான். கொஞ்ச நேரம் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அந்த அமைதியான பையன் நிலத்தில் குந்தி இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் தலையில் முதலாவது தண்ணீர்ப் போத்தலை ஊற்றியது பந்தை விட்டவன்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவனைக் காப்பாற்றுகிறேன் என்று, அவனிடம் கேட்காமல், இன்னொருவனுடையதை எடுத்துவிட்டேன்.

திரும்பிப் போகும்போது மெத்ரோவில் சிநேகிதியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நாசியோன் நிலையத்தில் வேறு மெத்ரோவுக்கு மாற இறங்கும்போது அவர் சொன்னார்:

"நான் பார்த்தேன். பிழை என்று எனக்குத் தெரியும். நீங்கள் அடி என்று எழுத வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை."

"திறந்திருந்தாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் அழுதுவிட்டேன். மாறிச்செல்கிற வழியில் சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"உது விளையாட்டுத்தானே. என்னத்துக்கு உப்பிடிக் கண் வீங்க அழுதனி?"

"எனக்குத் தெரியேல்லை."

மகள் அறையிலிருந்து வெளியே வந்து, "அம்மா, உன்னில் பிழையில்லை," என்று பிரெஞ்சில் சொன்னாள். பிழை இருந்தது என்று நான் தமிழில் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கணவர் லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வாங்கில் இருந்த பதினைந்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டார். பெரிய அடி ஒன்றின் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பி, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். இப்போதுதான் மூன்றாவது சுற்று என்றேன். "ஐயோ" என்றார். ஆனால் போகும்போது, "காத்து நல்லா வருது. ஆக்களும் நல்ல ஆக்கள். எனக்கு இது சரிவராது, நீ போ," என்றார். அதற்குப் பிறகு குசினியில் யாராவது சபையைப் பற்றிக் கேட்டால், பந்து பார்க்கப் போகிறாள் என்று அவரே பதில் சொல்கிறாராம்.

அந்தப் பருவம் முடிந்ததும் நான் எழுதும் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிழை விட்டதால் விலகுகிறேன் என்று தலைவர் நினைத்தார். அதுவல்ல. பென்சில் கையில் இருந்தபோது, ஒவ்வொரு பந்தையும் தீர்ப்புச் சொல்வதற்காகவே பார்த்தேன். தூரத்தில் நிற்பவர் இரண்டடி நகர்வதைக் காணவேயில்லை. வாங்குக்குத் திரும்பி வந்த முதல் நாள், ஒரு பந்து யாரோ ஒருவரின் கையில் பட்டு நழுவி விழுந்தது. அடியோ பிழையோ என்று நான் யோசிக்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து "ஐயையோ" என்று மட்டும் கத்தினேன்.

சிநேகிதியின் மகன் வேலை கிடைத்து ஜப்பானுக்குப் போய்விட்டான். இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஏப்ரல் மாதம் புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் போனபோது, குளிருக்குப் போர்த்துக்கொண்டு முதல் படியில் இருந்தார்.

"மகன் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஓ, இன்றைக்குத்தான் நிம்மதியாகப் பார்க்கப்போகிறேன்," என்றார்.

நாலாவது சுற்றில் மழை பிடித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மற்றவர்கள் வாகனங்களுக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரு குடைக்குக் கீழே இருந்தோம். அவர் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை ஒன்றைத் தந்தார். நான் கடலை வடைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அரை மணித்தியாலம் கழித்து நடுவர் வந்து, ஈர மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்து, வானத்தையும் பார்த்தார்.

"போவமா?" என்று வாய்தவறித் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

சிநேகிதிக்கு அது எப்படியோ விளங்கியது. தலையை ஆட்டி இல்லை என்றார். எறிகிறவன் ஈரத்தை உறிஞ்ச மரத்தூளைத் தான் நின்று எறிகிற மேட்டில் கொட்டிப் பரப்பத் தொடங்கியிருந்தான்.