கால் மட்டும்தான் குளிருது

குளிர்பதனக் கிடங்கில் பதினெட்டு வருடம் காய்கறி தரம் பிரித்தவளுக்கு ஸ்வெட்டரக்கா என்று பேர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும்கூட, அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரை அவள் கழற்றமாட்டாள் என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். கிடங்குக்குள் நான்கு டிகிரி. காலையில் எட்டு மணிக்குக் கனத்த கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். கேரட் ஒரு பக்கம், பீன்ஸ் ஒரு பக்கம், அழுகியது வாளியில். மத்தியானம் வெளியே வந்து வெயிலில் நிற்பாள். மேல்தோல் மட்டும் சூடேறும். உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடங்கின் நீல விளக்கு இன்னும் அணையாமல் எரிவது போலிருக்கும்.

அவளைக் கட்டிக்கொண்டவரோ ரொட்டிக்கடையில் அடுப்புக்காரர். ஊர் விழிப்பதற்குள் போய், அடுப்பின் வாய்க்கு எதிரே நின்று, தட்டுகளைத் தள்ளி இழுத்து, பதினோரு மணிக்கு முகமெல்லாம் சிவந்து திரும்புவார். வந்ததும் செய்கிற முதல் காரியம் ஜன்னல்களைத் திறப்பது. இரண்டாவது, மின்விசிறியைக் கடைசி எண்ணில் வைப்பது. பிறகுதான் சட்டைப் பொத்தானையே கழற்றுவார்.

மூன்றாவது மாடியில் இரண்டே அறை உள்ள வீடு. முன்னறை அவருடையது; ஜன்னல் திறந்திருக்கும், விசிறி சுற்றும். உள்ளறை அவளுடையது, எல்லாம் சாத்தியிருக்கும், ஹீட்டரின் கம்பிகள் செக்கச்செவேலென்று எரியும். இரண்டும் சேர்ந்து ஓடுகிற நாட்களில் மாடிப்படியில் இருந்த மின்சார மீட்டர் பேய் பிடித்ததுபோல் சுற்றும். பதினொரு வருடமாக இப்படித்தான் தனித்தனியாகப் படுத்தார்கள். எதிர்வீட்டு அம்மா, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மனஸ்தாபமாக இருந்திருந்தால் எப்போதோ சமாதானம் ஆகியிருப்பார்கள். அவர்களுக்குள் கோபமே கிடையாது. அவருக்கு எரிந்தது, அவளுக்கு நடுங்கியது, அவ்வளவுதான். சாயங்காலத் தேநீரை மட்டும் இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவருகில் நின்று சேர்ந்து குடிப்பார்கள். அவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

அவளுக்கு நாற்பத்தொன்பது நடந்தபோது கிடங்கில் காய்கறி பிரிக்கிற மெஷின் வந்தது. அது ஸ்வெட்டர் கேட்கவில்லை, மத்தியானம் வெளியே போய் நிற்கவும் இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னாள்.

"ஏங்க, உட்கார ஆள் வேணுமாம்."

"உட்கார்ந்து?"

"உட்கார மட்டும்தான். அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்ல கதையா இருக்கே! நம்ம வீட்டு நாற்காலில உட்காரவே ஆளைக் காணோம்."

சிரித்தாலும், மறுநாள் முகவரி தேடி அவளைக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

அது ஒரு ஆராய்ச்சி நிலையம். கொஞ்சம் மின்சாரத்தை வைத்து வீடுகளை இதமாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் அங்கே வேலை. பெரிய கூடத்தின் நடுவே, அறைக்குள் அறையாக, ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். சுவர்களுக்குள் குழாய்கள் ஓடின. அந்த அறையைக் காலையில் பனிக்காலமாகவும் மத்தியானத்துக்குள் கோடைகாலமாகவும் மாற்ற முடியும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் வரிசையாக ஏழு பொத்தான். இடது கோடி 'ரொம்பக் குளிர்', வலது கோடி 'ரொம்பச் சூடு', நடுவில் இருப்பது 'இரண்டும் இல்லை'. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் முன்னால் ஒரு இன்ஜினியர் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கொண்டையில் பென்சிலைச் செருகிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ரகம்.

"ஒருத்தர் ஒரு மூலைல உட்கார்ந்திருப்பாரு, நாம வீடு முழுக்க சூடாக்கறோம், இல்லாட்டி வீடு முழுக்க குளிர வைக்கிறோம்" என்றாள் இன்ஜினியர். "எவ்வளவு குறைச்சாலும் மனுஷங்களுக்கு இதமாவே இருக்கும்னு கண்டுபிடிக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை மணி அடிக்கும். அப்ப உங்களுக்கு எப்படி இருக்கோ அதை அழுத்துங்க, அக்கா."

அன்று மூன்று மணி நேரத்தில் பதினெட்டு முறை மணி அடித்தது. பதினெட்டு முறையும் அவள் நடுப் பொத்தானையே அழுத்தினாள்.

இன்ஜினியர் காகிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அக்கா, ஆரம்பத்துல பதினாறு டிகிரி வச்சிருந்தேன். அப்பவும் நல்லாவா இருந்துச்சு?"

"பரவால்லம்மா."

"கடைசில முப்பது."

"அதுவும் பரவால்ல."

"அக்கா, பரவால்லன்னு சொல்றதுக்கு உங்களைக் கூப்பிடல. உங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பேருந்தில் திரும்பும்போது அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. கிடங்கில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மணிக்கு ஒருதடவை வந்து, கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துத் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். யாரும் கேட்காமல் கேட்காமல் அவளுக்கே அது தெரியாமல் போயிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவள் தன் உடம்பைக் கவனிக்கப் பழகினாள். அது எளிதாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, புதிதாகக் குடிவந்த வீட்டில் அறை அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி, நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து, தோள், முதுகு என்று மெல்ல இறங்குவாள். அறையின் சூடு ஏறுவதும் இறங்குவதும் சத்தமே இல்லாமல் நடக்கும். சுவரிலிருந்து இளஞ்சூடு கசியும்போது, தூங்குகிற ஏதோ ஒரு பெரிய பிராணியின் மேல் சாய்ந்திருப்பதாகவும், அதன் மூச்சோடு சேர்ந்து தானும் உயர்ந்து தாழ்வதாகவும் தோன்றும். குளிர் திரும்பும்போது கிடங்கின் நீளமான நடைபாதை தெரியும். ஆனால் அதன் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கடல் இருக்கும். கேரட்டுகள் சின்னச் சின்னப் படகுகளாக ஆடிக்கொண்டு போகும். மணி அடிக்கும். படகுகளை அப்படியே விட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்துவாள். இப்போது அவள் விரல் ஏழு பொத்தானுக்கும் போய் வந்தது.

ஒரு நாள் மணி அடித்தது. விரலை நீட்டியவள் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு அக்கா?" ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"இதுல எனக்கான பொத்தான் இல்லம்மா."

"ஏன்?"

"தலை நல்லாயிருக்கு. முதுகு நல்லாயிருக்கு. கால் மட்டும்தான் குளிருது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. இன்ஜினியர் வந்து தரையில் மண்டியிட்டு அவள் பாதத்தைத் தொட்டாள்.

"ஐயையோ, காலைப் போய்த் தொடறியேம்மா!" அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு அக்கா. எத்தனை வருஷமா இப்படி?"

யோசித்தாள். கிடங்கின் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். ரப்பர் செருப்பு. "பதினெட்டு" என்றாள்.

அடுத்த வாரம் மேஜைக்குக் கீழே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. குட்டையான மரப்பெட்டி, முன்பக்கம் திறப்பு, உள்ளே கம்பளி ஒட்டியிருந்தது, அடியில் மெல்லச் சூடாகும் ஒரு தகடு. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற மின்சாரம்தான் அதற்குப் போகும் என்றாள் இன்ஜினியர். வீட்டு ஹீட்டர் குடிப்பதில் அது இருபதில் ஒரு பங்குகூட வராது. அறையைப் பதினேழு டிகிரியில் வைத்தார்கள். அவள் இரண்டு காலையும் பெட்டிக்குள் விட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கால் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. கணுக்காலுக்கு ஏறியது. முழங்காலில் கொஞ்ச நேரம் தங்கியது, வழி விசாரிக்கிற மாதிரி. மெதுவாக மேலே மேலே வந்து, எங்கோ மூலையில் இருந்த அந்த நீல விளக்கின் பக்கத்தில் நின்றது.

மணி அடித்தது. பொத்தான் அழுத்தப்படவில்லை. மறுபடியும் அடித்தது. இன்ஜினியர் எட்டிப் பார்த்தாள். அவள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில், நான்காக மடித்து, அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர். எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே பிற்பாடு நினைவில்லை.

"தூங்கிட்டாங்களா? அப்ப இன்னிக்குக் கணக்கு வீண்" என்றார் தலைமை ஆய்வாளர்.

"பதினேழு டிகிரில ஸ்வெட்டரைக் கழற்றி வச்சிட்டுத் தூங்கறாங்க சார். இதுக்கு மேல என்ன பதில் வேணும்?" என்றாள் இன்ஜினியர். மணியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் அவளைத் தூங்க விட்டாள்.

விழித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா? அவரு எனக்கு நேர் எதிர்."

அவர் லேசில் மசியவில்லை. "மனுஷன் எரிஞ்சு போய் வர்றேன், என்னை எலி மாதிரி கூண்டுல வைக்கப் பார்க்கறியா?" என்றார். ஆனாலும் வந்தார். கடையிலிருந்து நேராக, மயிர்க்காலெல்லாம் மாவோடு. அறையை இருபத்திரண்டில் வைத்திருந்தார்கள். குளிரூட்டவும் இல்லை, சூடேற்றவும் இல்லை. அன்றைக்கு வெளியே இருந்த காற்றே அப்படித்தான் இருந்தது. அவள் காலுக்குப் பெட்டி. அவர் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி, கழுத்தையும் நெஞ்சையும் மட்டும் பார்த்துச் சுற்றியது. இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

மணி அடித்தபோது அவர் கடையில் மாவு பிசைகிற மெஷினை அழுத்துகிற மாதிரி ஓங்கி அழுத்தினார். எதை அழுத்தினார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். நடுப் பொத்தான்.

"பொய் சொல்லக்கூடாது, தெரியும்ல? எப்படி இருக்கோ அதைத்தான் அழுத்தணும்."

"நிஜமாத்தான். எரியல." கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "உனக்கு?"

"எனக்கும் நல்லாயிருக்கு."

விசிறி வண்டு மாதிரி மெல்ல முனகியது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தில இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேர்ந்து இருக்கு."

"நிஜமாவா?"

"பொண்ணு பார்க்க வந்தீங்களே, அன்னைக்கும் இருந்துச்சு."

"அன்னைக்கு எங்க நான் முகத்தைப் பார்த்தேன்? வெட்கத்துல தரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன்." அவள் சிரித்துவிட்டாள். அவர் கையை நீட்டி அந்த மச்சத்தைக் கட்டைவிரலால் தொட்டார். அவர் விரல் சூடாக இருந்தது. அவள் நகர்ந்துகொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கொண்டையில் இருந்த பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.

பனிக்காலம் தொடங்கியதும் நிலையத்திலிருந்து ஒரு பெட்டியையும் ஒரு விசிறியையும் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில், போர்வைக்குள் வைக்கிற மாதிரி தட்டையாகச் செய்திருந்தார்கள். விசிறி தலைமாட்டில், அவர் பக்கம். ஹீட்டரைத் துணி சுற்றிப் பரணில் போட்டார்கள். முன்னறையில் இருந்த அவர் கட்டிலை இழுத்துக்கொண்டு வரும்போது அது கதவில் மாட்டிக்கொண்டு, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக நின்றது. கால் மணி நேரம் தள்ளினார்கள். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ராசியாயிட்டீங்களா!" என்று தன் பங்குக்கு ஒரு கை கொடுத்தாள். இல்லையென்று சொல்லிப் புரியவைக்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

அவள் இன்னும் அந்த நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். கோடையில், பனியில், யாருக்கும் தெரியாமல் நடுவில் வந்துபோகிற பருவங்களில். அவர்கள் அச்சிடுகிற அறிக்கைகளில் அவள் பெயர் வராது. அவளுக்குக் கொடுத்திருந்த நாற்பத்தொன்று என்ற எண் வரும். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

முன்னறைதான் காலியாகிவிட்டது. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு பேரும் அதன் நடுவில் போய் நின்று, வேறு யாருடைய வீட்டையோ பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஒரு மேஜை போடலாமா?" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"சும்மாதான். பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அடுத்த வாரம் அவர் தெரிந்த தச்சர் ஒருவரிடம் சொல்லி ஒரு மேஜை செய்து கொண்டுவந்தார். அதன் மேல் எதை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. காலையில் கொஞ்ச நேரம் வெயில் அதன் மேல் வந்து படுத்துக்கொள்ளும், பிறகு எழுந்து போய்விடும்.